பல் வலிக்கு ‘ஒரு செட்’ கேட்டு வருகிறவர்களுக்காக: மருந்துக்கடை நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் ஒரு சின்ன ஊரில் பல் மருத்துவர். என் கிளினிக்கிலிருந்து பேருந்து நிலையம் வரை நடந்தால் ஐந்து மெடிக்கல். பல் வலி வந்தால் எங்கள் ஊர்க்காரர்கள் முதலில் போவது அங்கேதான். அதில் எனக்கு வருத்தமில்லை. ராத்திரி பத்து மணிக்கும் விளக்கு எரிவது உங்கள் கடையில்தான். பீஸ் வாங்காமல் காது கொடுத்துக் கேட்பதும் நீங்கள்தான். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றே ஒன்று. பல் வலிக்குச் சில மாத்திரைகளைச் சேர்த்து மடித்துக் கொடுக்கும் ‘செட்’டில் ஆன்டிபயாட்டிக் வைக்காதீர்கள்.

போன மாதம் ஓர் ஆட்டோ ஓட்டுநர் வந்தார். சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதக் கவரை எடுத்து நீட்டினார். உள்ளே ஒரு வலி மாத்திரை, ஒரு கேஸ் மாத்திரை, அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் கேப்சூல் ஒன்று. அட்டையை வெட்டியதில் மருந்தின் பெயர் பாதி போயிருந்தது. “மூணு மாசமா வலிக்கிறப்ப எல்லாம் ரெண்டு வேளை இதத்தான் போடறேன் டாக்டர், போட்டா கேக்குது” என்றார். கீழ்க் கடைவாய்ப் பல்லில் பட்டாணி நுழையும் அளவுக்குக் குழி. கன்னம் வீங்கியிருந்தது, காய்ச்சல் வேறு. வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறந்தது.

போட்டால் கேட்கிறது என்று அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் கேட்டது கேப்சூலுக்கு அல்ல. பல்லின் நடுவே இருக்கும் கூழில்தான் நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கின்றன. சொத்தை அதுவரை இறங்கினால் கூழ் வீங்கும். சுற்றிலும் பல்லின் கெட்டிச் சுவர். வீங்குவதற்கு இடம் ஏது? அந்த அழுத்தம்தான் வலி. படுத்தால் தலைப்பக்கம் ரத்தம் கூடுகிறது, அதனால்தான் ராத்திரியில் உயிர் போகிறது. வலி மாத்திரை அதைக் கொஞ்சம் தணிக்கும். பிறகு கூழ் செத்துவிடும். நரம்பு செத்தால் வலி தானாகவே நிற்கும். அந்த நேரத்தில் உள்ளே போன கேப்சூலுக்கு நல்ல பெயர் கிடைத்துவிடுகிறது.

செத்த கூழில் ரத்த ஓட்டம் கிடையாது. ரத்தத்தோடு போகும் மருந்து அங்கே போய்ச் சேர வழியில்லை. கிருமி உள்ளேயே குடியிருந்து, வேர் நுனி வழியாக எலும்புக்கு இறங்குகிறது. பல்லைத் திறந்து வேர் சிகிச்சை செய்ய வேண்டும், இல்லையென்றால் பிடுங்க வேண்டும். சீழ் கட்டியிருந்தால் வெளியேற்ற வேண்டும். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டியும், உலக சுகாதார நிறுவனத்தின் 2022 ஆன்டிபயாட்டிக் கையேடும் இதைத்தான் சொல்கின்றன. காய்ச்சல், பரவுகிற வீக்கம் என்று வந்தால் ஆன்டிபயாட்டிக் வேண்டும். அதுவும் பல் சிகிச்சையோடு சேர்த்து. அந்த ஓட்டுநருக்கு அன்று நானும் எழுதிக் கொடுத்தேன், சீழை எடுத்துவிட்டு.

எங்கள் பக்கமும் தப்பு இருக்கிறது. சாதாரணமாகப் பல் பிடுங்கியதற்கெல்லாம் ஐந்து நாளைக்கு ‘625’ ஆன்டிபயாட்டிக் மாத்திரை எழுதுகிறோம். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஆஃப்லாக்சசின்–ஆர்னிடசோலை ஈறு வீக்கத்துக்கு எழுதுகிறோம். சீழ் பிடித்துவிட்டால் பெயர் கெட்டுவிடுமே என்ற பயத்தில் நானும் பல வருடம் அப்படி எழுதியவன்தான். எங்கள் சீட்டுகளைப் பார்த்துத்தான் நீங்களும் பழகினீர்கள். இனி என் சீட்டில் தேவையில்லாததாகத் தோன்றினால் போன் போட்டுக் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங் 1945-இல் நோபல் உரையில் எச்சரித்தது இதைத்தான்: யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கலாம் என்று ஒரு காலம் வரும், விவரம் தெரியாதவர் குறைந்த அளவில் சாப்பிடுவார், சாகாத கிருமி மருந்தையே எதிர்க்கப் பழகிவிடும். இரண்டு வேளை செட் அதைத்தான் செய்கிறது. மருந்துக்கு அடங்காத கிருமிகளால் 2019-இல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது லான்செட் இதழில் வந்த கணக்கு. அட்டையில் இருக்கும் சிவப்புக் கோடு சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்பதற்கான அடையாளம். உங்களுக்குத் தெரியாததில்லை. எதிர்க் கடையில் கொடுத்துவிடுவார்களே என்ற கவலையும் எனக்குப் புரிகிறது. அதனால்தான் ஐந்து கடைக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

சரி, ராத்திரி பத்து மணிக்குக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பவருக்கு என்ன கொடுப்பது? கல்லீரல் கோளாறு இல்லாத பெரியவர் என்றால் பாராசிட்டமால் போதும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லுங்கள். காலையில் பல் டாக்டரிடமோ, பல் பிரிவு இருக்கும் அரசு ஆஸ்பத்திரிக்கோ போகச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒன்று. தாடைக்குக் கீழே கெட்டியாக வீக்கம், எச்சில்கூட விழுங்க முடியவில்லை, மூச்சு வாங்குகிறது என்றால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மற்றவர்களுக்காக என் போன் நம்பர் எழுதிய சீட்டுகளை இந்த வாரமே ஐந்து கடையிலும் கொண்டுவந்து கொடுக்கிறேன். செட் மடிக்கும் கவருக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் தெருவின் பல் டாக்டர்