படத்தை மாற்றும் முன் பாட்டியைக் கேளுங்கள்: தருமபுரி செல்போன் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கடைக்கார அண்ணன்மார்களுக்கும் தம்பிகளுக்கும், வணக்கம்.

பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு இ-சேவை மையம் நடத்துகிறேன். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று நாள் முழுக்க வேலை இருக்கும். ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேர் சான்றிதழ் கேட்டு வருவதில்லை. போனை மேசைமேல் வைத்துவிட்டு, "இதுல எம் பையன் எங்கம்மா போயிட்டான்?" என்று கேட்கத்தான் வருகிறார்கள். அவர்கள் எல்லோரும் உங்கள் கடைகளில் போன் வாங்கியவர்கள், இல்லையென்றால் டிஸ்ப்ளே மாற்றியவர்கள். அதனால்தான், போன் திரையில் இருக்கும் செயலிப் படங்களை, அதாவது ஐகான்களை, மாற்றுவது பற்றி உங்களுக்கு எழுதுகிறேன்.

போன மாசியில் ஓர் அத்தை வந்தார். புளி சீசன். காலையிலிருந்து புளி உடைத்து, கொட்டை எடுத்துவிட்டு அப்படியே வந்திருந்தார். விரல் நுனியெல்லாம் கறுத்துக் கிடந்தது. சுருக்குப் பையிலிருந்து போனை எடுத்துக் கொடுத்து, "மூணு நாளா பச்சையைத் தேடறேன் சாமி, பச்சையே இல்ல" என்றார். வாங்கிப் பார்த்தேன். புது டிஸ்ப்ளே, பளபளவென்று இருந்தது. பின்னணியில் அழகான மலை. அதன் மேல் இருந்த எல்லாச் செயலிகளும் ஒரே சாம்பல் நிறம். வாட்ஸ்அப்பும் சாம்பல், காலண்டரும் சாம்பல், கேமராவும் சாம்பல். உடைந்த டிஸ்ப்ளேயை மாற்றிய கடைத் தம்பி, காசு கூட வாங்காமல், நன்றாக இருக்கட்டும் என்று தீம், அதாவது திரையின் மொத்தத் தோற்றத்தை, மாற்றிக் கொடுத்திருக்கிறார். நல்ல மனசுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அத்தையின் பையன் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறான், பேரனுக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்திருந்தது, மூன்று நாளாக அவரால் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்க முடியவில்லை. பச்சை என்பதுதான் அவருக்கு வாட்ஸ்அப்பின் பெயர். அந்தப் பெயர் அழிந்துபோயிருந்தது.

தீம் பிடிப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. எனக்கும் பிடிக்கும். ஆண்ட்ராய்டு 12-ல், 2021-ல், பின்னணிப் படத்தின் நிறத்துக்கு ஏற்றபடி கூகுளின் சொந்தச் செயலிகளின் படங்களை ஒரே வண்ணத்துக்கு மாற்றும் வசதி வந்தது. அடுத்த ஆண்டு ஆண்ட்ராய்டு 13-ல் மற்ற நிறுவனங்களின் செயலிகளுக்கும் அதைத் திறந்துவிட்டார்கள். ஐபோனிலும் 2024-ல் ஐஓஎஸ் 18 வந்தபிறகு எல்லாப் படத்துக்கும் ஒரே சாயம் பூசலாம். கல்லூரிப் பிள்ளைகள் அப்படி வைத்துக்கொண்டால் அழகு. அவர்கள் கீழே இருக்கும் பெயரைப் படித்துக்கொள்வார்கள். படிக்கத் தெரியாதவருக்கு நிறமும் வடிவமும் போனால் மிச்சம் என்ன இருக்கிறது?

நம் மாவட்டத்தில் இது சின்ன விஷயம் இல்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரிதான். மாநிலம் முழுக்க நூற்றுக்கு 80 பேர் என்றால் இங்கே 68 பேர். பெண்களை மட்டும் எடுத்தால் பத்தில் நான்கு பேருக்கு எழுத்துத் தெரியாது. அந்தப் பெண்கள் கையிலும் இன்றைக்கு டச் போன் இருக்கிறது, ஏனென்றால் பிள்ளைகள் பெங்களூரிலும் திருப்பூரிலும் இருக்கிறார்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் போனால் இன்னொரு சங்கதி: வீட்டில் தெலுங்கு, கன்னடம் அல்லது உருது பேசுவார்கள், பள்ளியில் தமிழ் படித்திருப்பார்கள், போனோ ஆங்கிலத்தில் இருக்கும். அங்கேயும் படம்தான் கைகொடுக்கிறது.

படத்தை வைத்துப் புரிந்துகொள்வது நமக்குப் புதிதும் இல்லை. நம் பக்கத்து வேடியப்பன் கோயில்களை நினைத்துப் பாருங்கள். பல இடங்களில் சாமியாக நிற்பது பழைய நடுகல்தான். வில்லோ வாளோ பிடித்த வீரன், சில கற்களில் பக்கத்தில் மாடுகள், மேலே வட்டெழுத்தில் அவன் பெயரும் எந்தத் தொறு (மாட்டு மந்தை) மீட்கப் போய்ப் பட்டான் என்ற செய்தியும். தருமபுரி அருங்காட்சியகத்துக்குப் போனால் நிறையப் பார்க்கலாம். அந்த எழுத்தை இன்றைக்கு ஊரில் யாராலும் வாசிக்க முடிவதில்லை. ஆனால் படத்தைப் பார்த்ததும் இவன் வீரன், ஊரைக் காத்தவன் என்று குழந்தைக்கும் தெரிகிறது.

தேர்தலும் அப்படித்தானே? 1951-52-ல் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது நாட்டில் ஐந்தில் ஒருவருக்குக்கூட எழுதப்படிக்கத் தெரியாது. அதனால் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி, பெட்டிமேல் சின்னம். இன்றைக்கும் சின்னம் இல்லாமல் வாக்கு இயந்திரம் கிடையாது. வாக்குப்பதிவு அன்று காலையில் எல்லாச் சின்னத்தையும் ஒன்றுக்கு ஒன்று வித்தியாசம் தெரியாதபடி, ஒரே வட்டத்துக்குள் போட்டு வைத்தால் ஊர் சும்மா இருக்குமா? ஒரு அம்மாவின் போனில் அதைச் செய்யும்போது மட்டும் யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் அவரே தனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்துக்கொள்கிறார். இதுதான் எனக்கு மனசு பொறுக்காத விஷயம். படித்தவர்களும்தான் தடுமாறுகிறார்கள். 2020-ல் கூகுள் தன் ஜிமெயில், காலண்டர், டிரைவ், மீட் எல்லாவற்றுக்கும் அதே நான்கு வண்ணங்களில் புதுப் படம் போட்டபோது ஒன்றுக்கு ஒன்று வித்தியாசம் தெரியவில்லை என்று உலகம் முழுக்கக் குறைப்பட்டுக்கொண்டார்கள். 2023-ல் ட்விட்டரின் நீலக் குருவி போய் எக்ஸ் வந்தபோதும் குருவியைத் தேடியவர்கள் நிறையப் பேர். அவர்கள் சத்தம் போட்டார்கள். நம் அத்தை மூன்று நாள் பேசாமல் இருந்தார்.

சரி, அன்றைக்கு என்ன செய்தேன் என்று சொல்கிறேன். முதலில் தீம் நிறத்தை அணைத்தேன். பச்சை திரும்பி வந்தது. ஆனால் பச்சை மட்டும் போதாது என்று அப்புறம்தான் புரிந்தது. பல போன்களில் சாதாரண அழைப்புக்கான படமும் பச்சை, உள்ளே ஒரு ரிசீவர். வாட்ஸ்அப்பும் பச்சை, உள்ளே ஒரு ரிசீவர். அத்தை இதை அழுத்துவதற்குப் பதில் அதை அழுத்திக்கொண்டு எத்தனை நாள் திண்டாடியிருப்பாரோ. அதனால் பையன் முகத்தையே படமாக வைத்துவிடலாம் என்று தோன்றியது. தொடர்புகளில் அவன் பெயரோடு ஒரு போட்டோவைச் சேர்த்தேன். பிறகு முகப்புத் திரையில் காலி இடத்தை அழுத்திப் பிடித்து, விட்ஜெட் பட்டியலில் தொடர்புகள் என்பதற்குக் கீழே இருக்கும் நேரடி அழைப்பை எடுத்து வைத்தேன். முகத்தைத் தொட்டால் அழைப்பு போய்விடும். வீடியோவில் பேச வேண்டும் என்றால் வாட்ஸ்அப்பில் அவன் உரையாடலைத் திறந்து, மூன்று புள்ளியில் போய்ச் சுருக்கவழி சேர்த்தால் போதும். அவன் வாட்ஸ்அப்பில் வைத்திருக்கும் படத்தோடு திரையில் வந்து உட்காரும். அதைத் தொட்டால் அவன் உரையாடல் திறக்கும், மேலே இருக்கும் வீடியோ பொத்தானை அழுத்திப் பேசலாம். இதற்கெல்லாம் புதிதாக எதையும் இறக்க வேண்டியதில்லை.

போட்டோ விஷயத்தில் ஒன்று கற்றுக்கொண்டேன். அத்தை முதலில் காட்டிய படம் பையன் ஒகேனக்கல் அருவி முன்னால் நின்று எடுத்தது. நகத்தளவுக்குச் சின்னதாக்கியபோது அருவியும் தெரியவில்லை, பையனும் தெரியவில்லை. முகத்தை மட்டும் வெட்டி, தோளில் கிடந்த சிவப்புத் துண்டு ஓரத்தில் தெரியும்படி வைத்தேன். உடனே, "ஐயோ, எம் பையன்!" என்று திரையைத் தடவினார். 1984-ல் வந்த ஆப்பிள் மேக்கின்டாஷ் கணினிக்குப் படங்கள் வரைந்த சூசன் கேர் என்ற பெண், 32-க்கு 32 கட்டத்துக்குள், கறுப்பும் வெள்ளையும் மட்டும் வைத்து அவற்றை வரைந்தார். சிரிக்கும் கணினி முகம், வெடிகுண்டு எல்லாம் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் வந்தவை. புள்ளி எண்ணிக் கோலம் போடுகிற நம் பெண்களுக்கு இந்தக் கணக்கு விளங்கும். இடம் குறைவு என்றால் எதை விடுவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

மற்றச் செயலிகளுக்கும் நாமே படம் வைக்கலாம், உங்களுக்குத் தெரியாதது இல்லை. நோவா மாதிரி லாஞ்சர் (முகப்புத் திரையை அமைக்கும் செயலி) போட்டால், படத்தை அழுத்திப் பிடித்து, திருத்து என்று கொடுத்து, கேலரியில் இருந்து எதை வேண்டுமானாலும் வைக்கலாம், கீழே பெயரையும் தமிழில் மாற்றலாம். ஐபோனில் ஷார்ட்கட்ஸ் செயலி வழியாகச் செய்கிறார்கள். அங்கே அசல் செயலி அப்படியே இருக்கும், நாம் வைப்பது இன்னொரு வாசல் மட்டும், அதனால் புதுச் செய்தி வந்தால் காட்டும் சிவப்பு எண் அதில் வராது. ஆனால் லாஞ்சரும் ஐகான் பேக்கும் (படத் தொகுப்பு) இலவசமாகக் கிடைக்கிறது என்று கண்டதையும் போட்டுவிடாதீர்கள். பலவும் விளம்பரம் வரும் ரகம். படம் மாற்றுகிற ஒரு செயலிக்கு எஸ்எம்எஸ் படிக்க அனுமதி எதற்கு? கேட்டால் அதைப் போடாதீர்கள்.

என் மையத்துக் கணினியிலும் இதைச் செய்து வைத்திருக்கிறேன். முன்பு திரையில் இருந்த அரசுத் தளங்களின் சுருக்கவழி எல்லாவற்றுக்கும் ஒரே உலாவிப் படம். உதவிக்கு வரும் பெண் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து மூடுவாள். விண்டோஸில் சுருக்கவழிமேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், சேஞ்ச் ஐகான், அவ்வளவுதான். போட்டோவை அப்படியே ஏற்காது, ஐகோ (.ico) கோப்பாக மாற்றித் தர வேண்டும். ஒரே கோப்புக்குள் 16, 32, 48, 256 என்று பல அளவுகளை வைக்கலாம். வருமானச் சான்றுக்கு ரூபாய் நோட்டு, மின்கட்டணத்துக்குக் குண்டு பல்பு, பட்டாவுக்கு வரப்போடு ஒரு வயல். இப்போது வரிசையில் நிற்கிறவர்களே எட்டிப் பார்த்து, "அந்த வயலைத் திறம்மா" என்கிறார்கள்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்: பணம். வங்கிச் செயலி, பணம் அனுப்பும் செயலி, இவற்றின் படத்தை மாற்ற வேண்டாம். போன்பே படத்தில் இருப்பது நாகரி எழுத்து 'பே'. நம்மூரில் அதை எழுத்தாக வாசிப்பவர்கள் குறைவு, ஊதா என்றுதான் தெரியும். அந்த ஊதா அப்படியே இருக்கட்டும். அதோடு அது இருக்கும் இடத்தையும் பழக்குங்கள். வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு (செயலியை நிறுவும் கோப்பு) அனுப்பி ஏமாற்றுகிறவர்கள் வங்கியின் படத்தையும் அரசு முத்திரையையும் அப்படியே ஒட்டித்தான் அனுப்புகிறார்கள். "படம் அதே மாதிரி இருந்தாலும், கீழ் வரிசையில் இடது மூலையில் இருந்தால்தான் அது நம்முடையது" என்று சொல்லிக்கொடுத்தால் பாட்டிமார்கள் சரியாகப் பிடித்துக்கொள்கிறார்கள். அடுப்படியில் உப்பு டப்பா எங்கே, புளிப் பானை எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பவர்களுக்கு இடம் ஒரு பாடமா?

இடம் நிலைக்க வேண்டும் என்றால் முகப்புத் திரையைப் பூட்டிக் கொடுங்கள். அமைப்புகளில் முகப்புத் திரை என்பதற்குள் அடுக்கைப் பூட்டும் வசதி பல போன்களில் இருக்கிறது. களை பறித்து, புளி உடைத்துக் காய்ப்பேறிய விரல் லேசாகத் தொடாது, அழுத்தித்தான் தொடும். போன் அதை நீண்ட அழுத்தம் என்று எடுத்துக்கொண்டு படத்தை நகர்த்திவிடும், சில நேரம் நீக்கியே விடும். புதுச் செயலிகள் தானாகத் திரையில் வந்து சேர்வதையும் அணைத்துவிடுங்கள். ஒரு பக்கத்தில் ஆறு படம் போதும்.

உங்கள் நேரம் எனக்குத் தெரியும். ஆயுதபூஜை, தீபாவளி நேரத்தில் கடையில் மூச்சுவிட முடியாது. ஆனாலும் ஐம்பது வயதுக்கு மேல் ஒருவர் போன் வாங்கினால், டெம்பர்டு கிளாஸ் ஒட்டும் அந்தப் பத்து நிமிஷத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள்: "யாரோடம்மா அதிகம் பேசுவீங்க? இதுல உங்களுக்கு எந்தப் பொம்மை தெரியும்?" பழுதுக்கு வரும் போனாக இருந்தால், கையில் வாங்கியதும் முகப்புத் திரையை உங்கள் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது அதே மாதிரி அடுக்கிக் கொடுங்கள்.

நான் வரைந்து வைத்த படங்கள் கொஞ்சம் இருக்கின்றன. ரேஷன் கடை, முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு அடித்த டவுன் பஸ், பால் சொசைட்டி, பட்டுக்கூடு, ஆஸ்பத்திரி, கேஸ் சிலிண்டர். வேண்டுமென்றால் பென் டிரைவோடு வாருங்கள், ஏற்றித் தருகிறேன். காலையில் சான்றிதழ்க் கூட்டம் இருக்கும். மாலை நாலு மணிக்கு மேல் வந்தால் உட்கார்ந்து பேசலாம்.

அன்புடன்,
பாப்பாரப்பட்டியிலிருந்து உங்கள் சகோதரி