ஒரு தேதியை எழுதித் தாருங்கள்: விமான எஞ்சின் ஆலைக்கு ஒரு திறந்த மடல்

தனிப்பயன் எஞ்சின் பிரிவின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் விற்பனைப் பிரிவு அனுப்பிய மின்னஞ்சலில் இரண்டு செய்திகள் இருந்தன. நானே கட்டிவரும் சிறு விமானத்துக்காக நான் முன்பணம் கட்டிய எஞ்சின் சொன்ன காலாண்டில் வராது, அடுத்த ஆண்டின் பிற்பகுதியில் "எதிர்பார்க்கலாம்" என்பது ஒன்று. வால்வு மூடிகளுக்கு என்ன நிறம் பூசவேண்டும் என்பதை வெள்ளிக்கிழமைக்குள் நான் தெரிவிக்கவேண்டும் என்பது மற்றொன்று. எஞ்சினைத் தர உங்களுக்குக் கெடு கிடையாது. நிறத்தைச் சொல்ல எனக்குக் கெடு உண்டு.

ஆங்கிலத்தில் நான் எழுதிய கடிதங்களுக்கெல்லாம் "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று ஒரே வார்ப்பில் பதில் வருகிறது. நான் பொறுமையாக இருப்பதாக எந்தக் கடிதத்திலும் எழுதியதாக நினைவில்லை. அதனால் இம்முறை என் மொழியில், நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன். உங்கள் பொறியாளர்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார் என்பது என் நம்பிக்கை. ஆலையின் பெயரைக் குறிப்பிடவில்லை. இது உங்கள் ஒருவரோடு நிற்கிற நோய் இல்லை. யாருக்கு எழுதுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

நான் கேட்டது விசித்திரமான எஞ்சின் எதுவும் அல்ல. நான்கு சிலிண்டர், 180 குதிரைத்திறன், எரிபொருள் தெளிப்பு முறை, எரிபொருளைப் பற்றவைக்க ஒரு பக்கம் மின்னணு இக்னிஷன், மறுபக்கம் காந்தத்தால் பொறி உண்டாக்கும் மேக்னெட்டோ, அழுத்த விகிதம் 8.5. "பத்துக்குப் போங்கள், ஏறும் வேகம் கூடும்" என்று உங்கள் விற்பனையாளர் ஆசை காட்டினார். நான் இருப்பது கலிபோர்னியாவில். இங்கே 2031 தொடக்கத்திலிருந்து ஈயம் கலந்த விமானப் பெட்ரோலை விற்கக்கூடாது என்று மாநிலச் சட்டமே வந்துவிட்டது. நாடு முழுவதும் 2030 முடிவுக்குள் அதை ஒழிப்பது அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏவின் இலக்கு. நாளைக்கு எந்த எரிபொருள் கிடைக்குமோ தெரியாத நிலையில், அழுத்த விகிதம் குறைவாக இருந்து, குறைந்த ஆக்டேன் பெட்ரோலையும் தாங்கும் எஞ்சின்தான் எனக்கு வேண்டும். இப்படி யோசித்துக் கேட்பதற்காகத்தானே தனிப்பயன் எஞ்சின் என்ற ஒன்றை நீங்கள் விற்கிறீர்கள்?

வீட்டில் கட்டும் விமானத்தின் பெரும்பகுதியைக் கட்டுபவரே செய்திருக்க வேண்டும் என்பது விதி. எஞ்சின் அந்தக் கணக்கில் சேராது. பழைய எஞ்சின் ஒன்றைப் பிரித்துப் போட்டு நானே புதுப்பித்திருக்கலாம். விமானம் கட்டுவோர் சங்கத்தின் எங்கள் கிளையில் அப்படிச் செய்து நிம்மதியாகப் பறப்பவர்கள் இருக்கிறார்கள். நான் கூடுதல் விலை கொடுத்து உங்களிடம் வந்ததற்குக் காரணம் உண்டு. பிஸ்டன்களையும் கனெக்டிங் ராடுகளையும் எடைபோட்டு இணை சேர்ப்பீர்கள், சிலிண்டர் தலைகளின் காற்றுவழிகளைச் சீராக்குவீர்கள், கட்டி முடித்ததும் சோதனை மேடையில் ஓட்டி அளவுகளைத் தாளில் தருவீர்கள். தகட்டுவேலையையும் ரிவெட் அடிப்பதையும் நான் கற்றுக்கொள்ளலாம். அந்த மேடை என் கராஜில் வராது. வகைச்சான்று (அந்த வடிவத்துக்கு எஃப்ஏஏ தரும் ஒப்புதல்) இல்லாத எஞ்சின் என்பதால் சோதனைப் பறப்பு 25 மணி நேரத்துக்குப் பதில் 40 மணி நேரம் ஆகும் என்று தெரிந்தும்தான் ஒப்புக்கொண்டேன்.

இனி என் விமானத்தின் நிலைமை. வேன்ஸ் நிறுவனத்தின் கிட்டிலிருந்து கட்டும் ஆர்வி-7ஏ, மூக்குச் சக்கரம் உள்ளது. எஞ்சின் இல்லாவிட்டால் இந்த விமானம் வாலில் உட்கார்ந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆகவே எஞ்சின் தாங்கியில் மணல் மூட்டைகளைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். உங்கள் எஞ்சின் 120 கிலோவுக்கு மேல். அந்த எடையை இப்போதைக்கு கட்டுமானப் பொருள் கடை மணல் சுமந்துகொண்டிருக்கிறது.

விமானக் கொட்டகையான ஹேங்கரை மாவட்ட விமான நிலையத்திடம் குத்தகைக்கு எடுத்திருக்கிறேன். வணிக நோக்கமில்லாமல் விமானம் கட்டுவதும் ஹேங்கருக்கு ஏற்ற பயன்பாடே என்று எஃப்ஏஏ 2016இல் ஏற்றுக்கொண்டது பெரிய உதவி. ஆனால் கட்டுமானம் முன்னேறுகிறதா என்று பார்க்க, குத்தகையில் இலக்குகளைச் சேர்த்துக்கொள்ளவும் அந்தக் கொள்கை இடம் கொடுத்தது. என் குத்தகையில் சேர்த்திருக்கிறார்கள். அலுவலர் ஒருவர் அவ்வப்போது வந்து பார்த்துப் படிவம் நிரப்பிக்கொண்டு போவார். நல்ல மனிதர். போன மாதம் வந்தவர் விமானத்தைச் சுற்றி நடந்துவிட்டு மணல் மூட்டை முன்னால் நின்றார். "போன தடவையும் இதே மூட்டைதானே?" என்றார்.

நான் விளக்கினேன். எஞ்சின் இல்லாமல், எஞ்சினையும் விமானி அறையையும் பிரிக்கும் ஃபயர்வாலுக்கு முன்னால் எதையும் செய்ய முடியாது. எஞ்சினை மூடும் கண்ணாடியிழைக் கௌலிங்கை வெட்டிப் பொருத்த வேண்டும் என்றால் எஞ்சின் தன் ரப்பர் தாங்கிகளில் உட்கார்ந்திருக்க வேண்டும், புரொப்பெல்லரின் மூக்குக்கும் கௌலிங்குக்கும் இடைவெளி பார்க்கவேண்டும், நாள் போகப்போக எஞ்சின் சற்றுத் தாழும் என்பதற்கும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். சிலிண்டர்களைச் சுற்றிக் காற்றைத் திருப்பிவிடும் தகடுகளை எஞ்சின் மேல் வைத்துத்தான் வெட்ட முடியும். குளிர்காற்று கசிந்தால் சிலிண்டர் சூடேறும். எக்ஸாஸ்ட், குழாய்கள், வயரிங், கடைசியில் எடைச் சமநிலைக் கணக்கு, எல்லாமே அந்த மணல் மூட்டை இருக்கும் இடத்தில்தான் தொடங்குகின்றன. ஊகத்தில் கௌலிங்கை வெட்டினால் நாளைக்கு அதைக் குப்பையில்தான் போடவேண்டும்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு படிவத்தில் "முன்னேற்றம் இல்லை" என்று எழுதினார். பொய்யில்லை. போகும்போது, "ஆலையிலிருந்து எஞ்சின் வரும் தேதியைக் காட்டும் கடிதம் ஒன்று வாங்கித் தாருங்கள். கோப்பில் வைத்தால் நீட்டிப்பு தரலாம்" என்றார். இந்த விமான நிலையத்தில் ஹேங்கருக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளம். என் இடம் போனால், முடிக்காத விமானத்தை இறக்கைகளைக் கழற்றி வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோக வேண்டும்.

அந்தக் கடிதத்தைத்தான் உங்களிடம் கேட்டேன். நீங்கள் தந்த பதில்: "எங்கள் சட்டப் பிரிவின் ஆலோசனைப்படி, தேதி குறிப்பிட்ட எந்தக் கடிதமும் வழங்க இயலாது." மேலே, "உங்கள் பொறுமைக்கு நன்றி."

ஐயா, அம்மையீர், எனக்கு வேண்டியது ஒரு தேதி. உங்கள் முகப்புத் தாளில், கையொப்பத்துடன். அதோடு வரிசையில் நான் எந்த இடத்தில் இருக்கிறேன் என்ற எண். இவ்வளவுதான்.

உங்கள் சிரமம் எனக்குப் புரியாமல் இல்லை. எஞ்சினின் முக்கியச் சுழல் தண்டான கிராங்க்ஷாஃப்டை அடித்து உருவாக்கவும் சிலிண்டர் தலையை வார்க்கவும் தகுதியுள்ள இடங்கள் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பெருந்தொற்றுக்குப் பிறகு அந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் தாமதிக்கிறது. அவசரப்பட்டு மோசமான வார்ப்பை என் எஞ்சினில் வைக்கும்படி நான் கேட்கப்போவதில்லை. 8,000 அடி உயரத்தில் அதன் விளைவை அனுபவிக்கப்போவது நான்தான். தாமதத்தைக்கூட மன்னித்துவிடலாம். தாமதம் எவ்வளவு என்பதை மறைப்பதுதான் பொறுக்கமுடியவில்லை.

மறைப்பது என்று நான் சொல்லக் காரணம் உண்டு. வார்ப்புகள் வந்து சேரும்போது யாருக்கு முதலில் போகின்றன? விமானத் தொழிற்சாலைகளுக்கும் பயிற்சிப் பள்ளிகளின் மாற்று எஞ்சின்களுக்கும். ஒப்பந்தம் அவர்களுடையது, தாமதமானால் தண்டத்தொகை என்ற விதியும் அவர்களுடையது. வணிகத்தில் இது இயல்பு, குறை சொல்லவில்லை. ஆனால் இனி இது கூடத்தான் செய்யும். இலகு விமானங்களுக்கான எல்லைகளைத் தளர்த்தும் எஃப்ஏஏவின் மொசைக் விதி 2025 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. எளிய உரிமம் கொண்ட ஸ்போர்ட் பைலட்டுகளுக்கான புதிய எல்லைகள் அதே ஆண்டு அக்டோபர் 22இல் நடைமுறைக்கு வந்தன. ஆலைகள் இன்னும் பெரிய இலகு விமானங்களைக் கட்டுவதற்கான பகுதிக்கு 2026 ஜூலை 24 என்று நாள் குறித்தார்கள். அந்த விமானங்களுக்கெல்லாம் எஞ்சின் எங்கிருந்து வரும்? பெரும்பாலும் நான் நிற்கும் அதே வரிசையிலிருந்து. அப்படியென்றால் ஒவ்வொரு மாதமும் எனக்கு முன்னால் ஆட்கள் நுழைகிறார்களா, இல்லையா? இதைத் தெரிந்துகொள்வதற்கான உரிமை முன்பணம் கட்டியவனுக்கு இல்லையா?

முன்பணம் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓரிகனின் ஆரோரா ஊரிலிருந்து உலகம் முழுக்க விமானக் கிட் அனுப்பும் வேன்ஸ் நிறுவனம் 2023 டிசம்பரில் திவால் சட்டத்தின் 11ஆம் அத்தியாயத்தின் கீழ் பாதுகாப்புக் கோரியது. மீண்டும் எழுந்து நிற்கிறது, மகிழ்ச்சி. ஆனால் ஆர்டர் கொடுத்துக் காத்திருந்தவர்கள் உயர்ந்த விலையை ஏற்றுக்கொண்டு மறுபடி ஒப்புதல் தர வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு எங்கள் கூட்டத்தில் ஒவ்வொருவரும் "என் பணம் எங்கே இருக்கிறது?" என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறோம். உங்கள் ஒப்பந்தத்திலோ விலை என்பது "அனுப்பும் நாளில் நிலவும் விலை". அனுப்பும் நாள் உங்களுக்கே தெரியாது. ஆக, எனக்குத் தெரியாத ஒரு நாளில், எனக்குத் தெரியாத ஒரு விலைக்கு, நான் ஒரு பொருளை வாங்கிவிட்டேன். இப்படி ஒரு வியாபாரத்தை எங்கள் ஊர் மாட்டுச் சந்தையில் செய்தால் தரகரைத் துண்டைப் போட்டு இழுத்து நிறுத்திக் கேள்வி கேட்பார்கள்.

ஜூலையில் விஸ்கான்சினில் நடக்கும் ஆஷ்காஷ் விமானக் கண்காட்சியில் உங்கள் கடைக்கு வந்திருந்தேன். மேடையில் ஒரு எஞ்சின் பளபளவென்று சுழன்றுகொண்டிருந்தது. என் கேள்விக்குத் "திரும்ப அழைக்கிறோம்" என்றார் உங்கள் பிரதிநிதி. கையில் ஒரு தொப்பியைக் கொடுத்தார். தொப்பிக்கு வரிசையில்லை, முன்பணமில்லை, சொன்ன நேரத்தில் கிடைத்தது. உங்கள் தொப்பிப் பிரிவை நடத்துகிறவரிடம் எஞ்சின் பிரிவையும் கொடுத்துப் பார்க்கலாம்.

மன்னிக்கவும். கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

தேதி கேட்பது தாமதத்துக்காக மட்டுமில்லை. "எப்போது வேண்டுமானாலும் தயாராகலாம்" என்று சொல்லி, நான் ஆயத்தமாக இல்லாத ஒரு நாளில் பெட்டியை இறக்கிவிட்டுப் போனாலும் இழப்பு எனக்கே. இந்த வடிவ எஞ்சினில் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே இருக்கிறது. ஓடாமல் கிடந்தால் எண்ணெய் வழிந்து கீழே இறங்கிவிடும், ஈரக்காற்று பட்டுத் துருப்பிடிக்கும், அந்தத் துருவோடு ஓட்டினால் கேமும் அது தள்ளும் டாப்பெட்டும் தேயும். பாதுகாப்பு எண்ணெயும் ஈரம் உறிஞ்சும் செருகிகளும் ஓரளவுக்குத்தான் காக்கும். மாதக்கணக்கில் கிடப்பதற்காக ஒரு புதிய எஞ்சினை யாரும் வாங்குவதில்லை.

இதற்கிடையில் உங்களிடமிருந்து ஒரு யோசனை வந்தது: மின்னணு இக்னிஷன் கையிருப்பில் இல்லை, இரண்டு பக்கமும் மேக்னெட்டோ போட்டுக்கொண்டால் "சற்று முன்னதாகக்" கிடைக்கலாம், விலை மாறாது. முன்னதாக என்றால் எப்போது என்று கேட்டேன். பதில் இல்லை. இக்னிஷனை மாற்றினால் மற்றதெல்லாம் அப்படியே இருக்கும் என்று எண்ணவேண்டாம். உலோக இறக்கை புரொப்பெல்லரின் அதிர்வு ஒப்புதலை எஞ்சின், பிஸ்டன், இக்னிஷன் மூன்றையும் பார்த்துத்தான் தருகிறார்கள். எந்தச் சுழற்சி வேகத்தில் நீடித்து ஓட்டக்கூடாது என்ற கட்டுப்பாடும் அதைப் பொறுத்ததே. புரொப்பெல்லர் ஆர்டரை நான் ஏற்கனவே கொடுத்தாகிவிட்டது, உங்கள் விவரப் பட்டியலை நம்பி. 500 மணி நேரத்துக்கு ஒருமுறை மேக்னெட்டோவைக் கழற்றிப் பார்க்கும் செலவு வேறு. இருப்பில் உள்ளதை வைத்துக் கட்டித் தருவதற்குத் தனிப்பயன் என்ற பெயர் எதற்கு? ஆகவே விவரப் பட்டியலை என் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் மாற்றவேண்டாம்.

எங்கள் கிளையில் விமானம் கட்டுபவர்களில் பாதிக்கு மேல் ஓய்வுபெற்றவர்கள். உங்களுக்கு ஓர் ஆண்டுத் தாமதம் என்பது உற்பத்தி அட்டவணையில் ஒரு கட்டம். எழுபதைத் தாண்டியவருக்கு அது பறக்கத் தகுதி உண்டு என்று மருத்துவர் கையொப்பமிடுவாரா என்ற கேள்வி. இவர்கள் உங்களுக்கு எழுதமாட்டார்கள், சத்தம் போடமாட்டார்கள். நான் எழுதுகிறேன்.

பணிவோடு கேட்டுக்கொள்வது இதுதான். என் எஞ்சினின் வரிசை எண்ணையும் அனுப்பும் தேதியையும் முகப்புத் தாளில் எழுதித் தாருங்கள். தேதி மாறினால், காரணத்தோடு ஒரு மாதம் முன்னதாகத் தெரிவியுங்கள். இன்றைய விலையை அந்தத் தேதிவரை நிறுத்திவையுங்கள். எழுதித்தரச் சட்டப் பிரிவு இடம் கொடுக்கவில்லை என்றால், முன்பணத்தைப் பிடித்தமின்றித் திருப்பித் தர அதே சட்டப் பிரிவு இடம் கொடுக்குமா என்று கேட்டுச் சொல்லுங்கள். வேறு ஆலையின் வரிசையில் கடைசியில் போய் நிற்கவும் நான் தயார், அவர்கள் கடைசி எங்கே என்று சொன்னால்.

ஹேங்கர் அலுவலரின் அடுத்த ஆய்வு இந்த மாத இறுதியில். அதற்கு முன் கடிதம் கிடைத்தால் நன்றியுள்ளவனாக இருப்பேன். மின்னஞ்சலில் வரும் நகலையும் அவர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கலிபோர்னியா