கார்புரேட்டர் ஏன் பளபளக்கிறது: நம்ம வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இந்த மடலை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். பழைய காரின் ஒரிஜினல் கார்புரேட்டரை (எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் பாகம்) ஒரு பட்டறையில் எடுத்துக்கொண்டு டூப்ளிகேட் மாட்டிவிட்டார்கள் என்று ஒரு வாடிக்கையாளர் பேசிய குரல் பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. உங்களில் பாதிப் பேருக்காவது அது வந்திருக்கும். "இது உங்க பட்டறைதானுங்களா?" என்று மூன்று பேர் எனக்கே அனுப்பிக் கேட்டுவிட்டார்கள். ஆமாங்க, நம்ம பட்டறைதான்.

வண்டி ஒரு பழைய பிரீமியர் பத்மினி கார். அந்த வாடிக்கையாளரின் அப்பா ஓட்டிய வண்டி. அப்பா காலமான பிறகு பதினோரு வருஷம் ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றிருக்கிறது. மகன்தான் கொண்டுவந்தார். "ஒரு பேட்டரி மாட்டி செல்ஃப் அடித்தால் ஓடிவிடும்" என்றார். இங்கே வருகிற எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள், குறையாகச் சொல்லவில்லை. ஆனால் வீட்டிலேயே யாரோ வேறு வண்டியிலிருந்து கேபிள் கொடுத்து இரண்டு மூன்று தடவை செல்ஃப் அடித்துப் பார்த்திருக்கிறார்கள். டேங்கின் அடியில் கிடந்த துருவும் கசடும் பெட்ரோல் பம்ப் வரை வந்தது அப்போதுதான்.

எஞ்சின் கிட்டத்தட்ட ஜாம். பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களில் எண்ணெய் விட்டு நான்கு நாள் ஊற வைத்தோம். பிறகு கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால்தான் திருப்பினோம். நாங்களும் அவசரப்பட்டு செல்ஃப் அடித்திருந்தால் பிஸ்டன் ரிங் உடைந்து, லேத் வேலை வரை போயிருக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் என்பதால் வீல் சிலிண்டர்கள் உள்ளே துருப்பிடித்து இறுகியிருந்தன. கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டியிருந்தது. வயரிங்கைப் பாதி எலி தின்றுவிட்டது. டயர் பார்வைக்குப் புதுசு மாதிரி இருந்தது, ஆனால் பக்கவாட்டில் 3412 என்று இருந்தது. 2012-ஆம் வருஷத்து 34-ஆவது வாரத்தில் செய்தது என்று அர்த்தம்.

18,000 ரூபாய் என்று சொன்னது 41,500 ஆனது இப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் போன் செய்தேன். சரி, குரல் பதிவில் பணத்தைப் பற்றி அவர் சொன்னதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. "ஒரிஜினல் கார்புரேட்டரைக் கழற்றி வைத்துக்கொண்டு டூப்ளிகேட் மாட்டிவிட்டார்கள்" என்றாரே, அதுதான் தூங்கவிடவில்லை.

அவர் பார்த்தபோது அது கறுப்பாக, புளிப்பானையின் அடி மாதிரி இருந்தது. பெட்ரோல் ஆவியாகிப் போனபின் மிஞ்சுகிற பிசின் அது. பெட்ரோல் வரும் ஜெட்டின் ஊசித்துளையை அடைத்துக்கொள்ளும். அதனால் கிளீனரில் ஒரு இரவு ஊறப்போட்டு, அல்ட்ராசோனிக் தொட்டியில் இரண்டு தடவை போட்டு எடுத்தோம். பிசின் போனால் உள்ளே இருக்கும் உலோகம் வெள்ளையாகத்தான் தெரியும். அதற்காக அது வேறு கார்புரேட்டர் ஆகிவிடுமா? மேல்மூடியின் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு உடைசல் இருக்கிறது. கழற்றிய அன்று எடுத்த படத்திலும் இருக்கிறது, இன்றைக்கு வண்டியிலும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பாருங்கள். அப்புறம், அவருடைய பழைய சோலெக்ஸ் கார்புரேட்டரை எடுத்து நான் என்ன செய்யப் போகிறேன்? என் அலமாரியிலேயே ஏழு கிடக்கின்றன. அவருடையதில் அடையாளத்துக்குக் கட்டியிருந்த சீட்டு அவிழ்ந்துபோய் எது எது என்று இரண்டு நாள் ஒரு சின்னத் தடுமாற்றம் இருந்தது, அவ்வளவுதான். உடைசலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டோம்.

கார்புரேட்டரும், பிளக்குக்கு ஸ்பார்க் கொடுக்க உதவும் பாயின்ட்டும் பார்த்துக்கொண்டிருந்த நம்ம மூத்த மெக்கானிக் சித்திரையோடு ஓய்வு பெற்றதை உங்களில் பலர் அறிவீர்கள். இப்போது இருக்கும் பையன்கள் ஸ்கேனர் மாட்டிக் குறை சொல்லிவிடுவார்கள், கம்ப்யூட்டரே இல்லாத பத்மினியில் ஸ்கேனரை எங்கே மாட்டுவது? அந்த வேலையை நானே செய்கிறேன், அதனால் தாமதமாகிறது.

சாமானும் முன்போல் கிடைப்பதில்லை. அம்பாசடர் தயாரிப்பே 2014-இல் நின்றுவிட்டது. பழைய சாமான் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் இல்லையென்றால் கொல்கத்தா மல்லிக் பஜாரில் சொல்லி வைத்துக் காத்திருக்க வேண்டும். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் ஹோஸும் பம்ப் டயாபிரமும் அதற்காகச் செய்தவை அல்ல, மாற்றியே ஆக வேண்டும். ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. இருபது வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். அது அரசாங்கத்துக்குப் போகும் பணம், என் பில்லில் சேர்த்துப் பார்க்காதீர்கள்.

இனிமேல் எந்தப் பாகத்தைக் கழற்றினாலும் அன்றைக்கே படம் உங்கள் போனுக்கு வந்துவிடும். மாற்றிய பழைய சாமானைச் சாக்கில் கட்டி டிக்கியிலேயே வைத்துவிடுவோம். அடுத்த மாதத்திலிருந்து பாதித் தொகை முன்பணம், முடிந்த வண்டியைப் பத்து நாளில் எடுக்காவிட்டால் நாளுக்கு 150 ரூபாய் என்பதையும் பையன் போனில் சொல்வான்.

கொரோனா ஊரடங்கில் பட்டறை பூட்டிக் கிடந்தபோது, வண்டியே கொண்டுவராமல் "பின்னால் வேலையில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று பணம் அனுப்பினீர்களே சிலர், உங்களை என்றைக்கும் மறக்க மாட்டேன். அந்தக் குரல் பதிவைக் கேட்டுவிட்டு மறுநாளே அம்பாசடரை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திய அண்ணனுக்கும் நன்றி. அன்றைக்கு ஒரு வேலையும் இல்லை, டீ குடித்துவிட்டுப் போனார்.

ஒரே ஒரு வேண்டுகோள். நின்ற வண்டியைக் கொண்டுவருகிறவர்கள் செல்ஃப் அடிக்காமல், அப்படியே டோ செய்து கொண்டுவாருங்கள்.

அந்தப் பத்மினி இன்னும் இங்கேதான் நிற்கிறது. ஒரிஜினலைக் கொடுத்தால்தான் எடுப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கு நாள் வாடகையெல்லாம் கிடையாது. சாவி என் கல்லாவில் இருக்கிறது. ஞாயிறு தவறாமல் நானே ஸ்டார்ட் செய்து கால் மணி நேரம் ஓடவிடுகிறேன். மறுபடியும் நின்றுபோய்விடக் கூடாதே.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர்,
கணபதி, கோயம்புத்தூர்