சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டேன்

லண்டன்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நமஸ்காரம். சித்தியின் முழங்கால் வலி தேவலையா?

போன ஞாயிற்றுக்கிழமையோடு இங்கே எங்கள் சங்கீத சபாவின் செயலாளர் வேலையை விட்டுவிட்டேன். 31 வருஷம். மேற்கு கென்சிங்டனில், பழைய சர்ச் கட்டிடத்தில் இயங்குகிற பாரதிய வித்யா பவனில் வாசலில் நின்று டிக்கெட் கிழித்தேன் என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தேனே, அங்கே பிடித்த பைத்தியம்.

ராமநவமிக்கு நீங்கள் ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போவீர்கள். நானும் அதையேதான் செய்தேன். இங்கே வரி கட்டுகிறவர் ஒரு பவுண்டு கொடுத்து ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால், அரசாங்கம் 25 பென்ஸ் சேர்த்துத் தரும். 'கிஃப்ட் எய்ட்' என்று பெயர். பணத்தைச் சந்தோஷமாகக் கொடுக்கிற நம்மவர்கள், கையெழுத்து என்றதும் வரிக்காரன் வந்துவிடுவானோ என்று நழுவுவார்கள்! கணக்கு வருஷம் முடிந்து 10 மாதத்துக்குள், தர்ம ஸ்தாபனங்களைக் கண்காணிக்கிற சாரிட்டி கமிஷனுக்குக் கணக்கு அனுப்பவேண்டும். அந்த வாரங்களில் வீட்டில் தயிர்சாதம்தான்.

ஹாலைப் பத்து மணிக்குப் பூட்டிக் கொடுத்தாக வேண்டும். ஒரு தடவை வித்வான் ஒன்பதேகாலுக்கு, நீளமாகப் போகிற ராகம் தானம் பல்லவியை எடுத்துவிட்டார். ஓரமாக நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினேன். தாளம் போடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு இன்னொரு சுற்று ஸ்வரம் பாடினார். அதிக நேர வாடகை என் கைப்பையிலிருந்து போனது. ஆனால் அந்தப் பல்லவி, அடடா! பாதிதான் கேட்டேன், மீதி நேரம் காவலாளியைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன்.

கமிட்டியில் யாழ்ப்பாணத்துக்காரர்கள், நம் தஞ்சாவூர்க்காரர்கள், மலேசியாவிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் உண்டு. பாட்டைப் பற்றிச் சண்டை வந்ததில்லை. குத்துவிளக்கை யார் ஏற்றுவது என்பதில்தான் வரும். விளக்குக்கு ஐந்து முகம் இருப்பது நல்லதாய்ப் போயிற்று.

2020இல் ஊரடங்கு வந்து ஹாலைப் பூட்டியபோது, உறுப்பினர் பட்டியலை வைத்துக்கொண்டு தனியாக இருக்கும் பெரியவர்களுக்குத் தினமும் போன் செய்தோம். மருந்து, கறிவேப்பிலை என்று கேட்டதை வாசலில் வைத்துவிட்டு வருவோம். சபா என்று ஒன்று எதற்கு என்று அப்போதுதான் எனக்கே முழுசாகப் புரிந்தது.

இங்கேயே பிறந்து வளர்ந்த பெண் ஒருத்தி இப்போது செயலாளர். ரசீதுப் புத்தகத்தை நீட்டினேன். "க்யூஆர் கோடு ஒட்டிவிடலாம் ஆன்ட்டி" என்கிறாள். சரி, ஒட்டட்டும்.

வருகிற திருவையாறு ஆராதனைக்கு வருகிறேன். இத்தனை வருஷத்தில் ஒரு கச்சேரியைக்கூட உட்கார்ந்து முழுதாகக் கேட்டதில்லை. பந்தலில் உங்கள் பக்கத்தில் ஒரு இடம் பிடித்து வையுங்கள். மைக் கரகரத்தால் என்னை எழுந்திருக்க விடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணா பெண்