கேபிளில் கோளாறு இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத ஹார்ட் டிஸ்கில் கோப்புகளை ஏற்றும்போது பாதியில் வேகம் படுத்துவிடுகிறது என்று சென்ற இதழின் கேள்வி பதில் பகுதியில் ஒரு வாசகர் புலம்பியிருந்தார். கேபிளை மாற்றிப் பாருங்கள், சரியாகாவிட்டால் டிஸ்கைத் திருப்பிக் கொடுங்கள் என்பது உங்கள் பதில். நானும் இந்தக் கூத்தை அனுபவித்தவன். இரண்டு கேபிள் மாற்றிய பிறகுதான் விஷயம் வேறு என்று புரிந்தது.

முக்கால்வாசி நிரம்பியிருந்த ஒரு 4 டெராபைட் டிஸ்கில் பழைய பேக்கப்பை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றினேன். முதல் கால் மணி நேரம் நொடிக்கு 140 மெகாபைட். பிறகு 30, அப்புறம் 8, நடுநடுவே பூஜ்யம். வெறுத்துப்போய் நகலெடுப்பதை நிறுத்திவிட்டேன். ஆனால் டிஸ்க் நிற்கவில்லை. எந்தக் கோப்பும் போகாத நேரத்தில் விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. காதை வைத்தால் உள்ளே, தகவலை எழுதிப் படிக்கும் முனையான ஹெட் கரகரவென்று அலையும் சத்தம். மறுநாள் காலையில் மறுபடியும் 140!

அது எஸ்.எம்.ஆர். (ஷிங்கிள்டு மேக்னடிக் ரெக்கார்டிங்) வகை டிஸ்க். ஹார்ட் டிஸ்கில் எழுதும் ஹெட்டுக்கு அகலம் அதிகம், படிக்கும் ஹெட்டுக்குக் குறைவு. வழக்கமான சி.எம்.ஆர். முறையில் டிராக்குகள், அதாவது தகவல் எழுதப்படும் வட்டப் பாதைகள், ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக இருக்கும். எஸ்.எம்.ஆரில் ஒரு டிராக்கின் ஓரத்தின் மேல் அடுத்த டிராக்கை ஏற்றி எழுதிவிடுவார்கள். மிஞ்சும் ஒடுங்கிய கீற்று படிப்பதற்குப் போதும். கூரையில் ஓடு வேய்வது போலத்தான். ஷிங்கிள் என்றால் கூரை ஓடு; ஆங்கிலப் பெயரும் அதிலிருந்தே வந்தது. 2013-ல் டிஸ்க் தயாரிக்கும் சீகேட் நிறுவனம் இதை அறிவித்தபோது 25 சதவீதம் வரை கூடுதல் இடம் கிடைக்கும் என்றது.

நடுவில் ஒரு ஓட்டை மாற்ற வேண்டுமானால் அதன் மேல் படிந்தவற்றையும் எடுத்து அடுக்கத்தானே வேண்டும்? இங்கேயும் அதே கதை. ஒரு சின்னத் திருத்தத்துக்காக, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய அந்த டிராக் தொகுப்பு முழுவதையும் படித்து, திருத்தி, வரிசையாகத் திரும்ப எழுத வேண்டும். இந்தத் தாமதம் நம் கண்ணில் படாமலிருக்க, புதிதாக வருவதை முதலில் டிஸ்கின் ஒரு தனிப் பகுதியில் வாங்கி வைத்துக்கொண்டு, சும்மா இருக்கும் நேரத்தில் உரிய இடத்துக்கு மாற்றுகிறார்கள். அந்தப் பகுதி நிரம்பும் வரை எல்லாம் ஜோர். நிரம்பியதும் 8 மெகாபைட். அன்று ராத்திரி நான் கேட்ட கரகரப்பு இந்த இடமாற்றம்தான்.

டிஸ்க் நிமிடத்துக்கு 7200 சுழற்சியா 5400-ஆ என்பதை மட்டும் மறக்காமல் போடுகிறார்கள். தேடும் தகவல் ஹெட்டுக்கு அடியில் வந்து சேர முதலாவதில் சராசரியாக 4.2 மில்லிசெகண்ட், இரண்டாவதில் 5.6. இந்த 1.4 மில்லிசெகண்டைப் பார்த்து வாங்குகிறோம். மணிக்கணக்கில் காக்க வைக்கும் விஷயம், அதாவது எஸ்.எம்.ஆரா இல்லையா என்பது, பெரும்பாலும் பெட்டியில் இருப்பதில்லை. பி.எம்.ஆர். என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். அது 2005-ல் தோஷிபா முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்த செங்குத்துப் பதிவு முறை. எஸ்.எம்.ஆரும் அதன் மேல் கட்டியதுதான்.

எஸ்.எம்.ஆர். மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒருமுறை எழுதிவிட்டுப் படித்துக்கொண்டே இருக்கும் படங்களுக்கும் பாட்டுகளுக்கும் அது தாராளமாகப் போதும். ஒன்று பழுதானாலும் தகவல் போகாதபடி பல டிஸ்குகளைச் சேர்த்து வைக்கும் ரெய்டில் போட்டால்தான் வம்பு. பழுதான டிஸ்குக்குப் பதில் புதியதைப் போட்டு மீட்கும்போது இடைவிடாமல் எழுத வேண்டியிருக்கும். அப்போது டிஸ்க் நேரத்துக்குப் பதில் சொல்லாமல் திணற, டிஸ்குகளை மேய்க்கும் கண்ட்ரோலர் அதைச் செத்ததாகக் கருதி ஒதுக்கிவிடக்கூடும். 2020-ல் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் ரெட் வரிசை டிஸ்குகள் மேல் எழுந்த புகாரும் இதுதான். நாஸ் என்னும், நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டிகளுக்கென்றே விற்ற அந்த வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான டிஸ்குகளில் எஸ்.எம்.ஆர். இருப்பதை நிறுவனம் அந்த ஆண்டு ஏப்ரலில்தான் ஒப்புக்கொண்டது. சி.எம்.ஆர். டிஸ்குகளுக்கு ரெட் பிளஸ் என்று தனிப்பெயர் வைத்தது அதற்குப் பிறகுதான்.

அந்த வாசகர் டிஸ்கைத் திருப்பிக் கொடுக்கும் முன், எதையும் நகலெடுக்காமல் ஒரு ராத்திரி முழுக்க மின்சாரத்திலேயே விட்டு வைக்கட்டும். காலையில் பழைய வேகம் வந்துவிட்டால் டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது. வராவிட்டால், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பதிவுகளைத் திறந்து, பழுதான செக்டார்களின் (தகவல் எழுதும் சிறு கட்டங்களின்) எண்ணிக்கை ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இரண்டு கேபிளை வீணாக மாற்றிய வாசகர்