அணிப்பிள்ளை விஷயமாக

ஆனைமலை,
ஐப்பசி 14

அன்புள்ள மாப்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் வீட்டுக்காரியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். பேத்திக்குப் பல் முளைத்த சேதியையும் சேர்த்துத்தான். இங்கே நல்ல மழை. மூன்று நாளாக மோட்டாரே போடவில்லை.

தை பிறந்ததும் உங்கள் தோட்டத்துச் சாளை வீட்டைச் சரிபண்ணிக் குடிவரப் போகிறாய் என்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! ஆனால் அதே கடிதத்தில், அணில் தொல்லை தாங்கவில்லை, மருந்துக் கட்டி வாங்கி வைக்கச் சொல்லிவிட்டேன் என்றும் எழுதியிருக்கிறாய். அதற்காகத்தான் காலை வரைக்கும் பொறுக்காமல் இப்போதே உட்கார்ந்து எழுதுகிறேன். தயவுசெய்து கொஞ்சம் நிறுத்தி வை. போன வருஷம் பூராவும் நானும் அதே கோபத்தில்தான் இருந்தேன்.

தென்னைக்குள் ஊடுபயிராகக் கோகோ வைத்திருக்கிறோம் அல்லவா? காய் பழுத்து மஞ்சளாகிற நேரம் பார்த்து ஓட்டை விழும். விதையைச் சுற்றியிருக்கும் இனிப்பான வெள்ளைச் சதையைச் சப்பிவிட்டு விதையைக் கீழே போட்டுவிடும். வெறும் கூடுதான் மரத்தில் தொங்கும். எல்லாம் அணிப்பிள்ளை வேலை என்று முடிவுகட்டி, கண்ணில் பட்டதையெல்லாம் விரட்டிக்கொண்டு திரிந்தேன்.

பண்ணையத்துக்கு வருகிற பெரியம்மா ஒருநாள் சேதமான காய் இரண்டைப் பறித்து வந்து என் கையில் கொடுத்து, "காயைப் பாத்துட்டு அப்புறம் வைய்யுங்க சாமி" என்றார். ஒரு காயில் ஓட்டை நட்டநடு வயிற்றில் இருந்தது. இன்னொன்றில் காம்பை ஒட்டி. நடுவில் கடித்தால் அணில், காம்போரம் கடித்தால் எலி. அணில் பகலில் மட்டும்தான் வரும், எலிக்கு ராத்திரியும் வேலை உண்டு. அன்றைக்கு விழுந்ததையும் தொங்கியதையும் பொறுக்கி வந்து களத்தில் இரண்டு குவியலாகப் போட்டேன் மாப்ளே. எலிக் குவியல்தான் பெரிதாக இருந்தது. அத்தனை நாள் செய்யாத குற்றத்துக்கும் சேர்த்து அந்தச் சின்ன உசுரைத் திட்டியிருக்கிறேனே என்று மனசு கனத்துப்போனது.

உங்கள் தோப்பிலும் குரும்பை உதிர்ந்தால் எடுத்துப் பார். காம்புப் பக்கம் ஓட்டை இருந்தால் எலிதான். தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் மரத்தைச் சுற்றி வழுவழுப்பான தகரம் அடித்தால் எலி ஏற முடியாது. ஆனால் மட்டையோடு மட்டை உரசும் மரங்களுக்கு அது உதவாது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிவிடும். நான் ஓர மரங்களுக்கு மட்டும் அடித்திருக்கிறேன்.

மருந்துக்கு வருகிறேன். நீ சொல்லும் கட்டி, ரத்தம் உறையாமல் செய்து கொல்வது. தின்ற எலி அந்த இடத்திலேயே விழாது, சில நாள் திரியும். அதைக் கூகை பிடித்துத் தின்றால் கூகைக்கும் கேடு. எங்கள் கிணற்றோரப் பொந்தில் ஒரு ஜோடி இருக்கிறது. விடிய விடிய எலி பிடிப்பது அவைதான். அவற்றை இழக்க நான் தயாராக இல்லை.

கோகோவுக்கு நான் செய்தது ஒன்றுதான். மாதம் ஒருதரம் பறித்ததை விட்டுவிட்டு, நிறம் மாறுகிற காயை வாராவாரம் பறிக்கிறோம். பழுத்துத் தொங்கினால்தானே வரும்? சொட்டுநீர்க் குழாயைக் கடிப்பதற்கும், கோடையில் வரிசைக்கு வரிசை மண்சட்டியில் தண்ணீர் வைத்தேன். முழுக்க நின்றுவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் கடித்த குழாயை இணைக்கும் ஜாயினர் வாங்குவது வெகுவாகக் குறைந்தது. அணிலின் முன்பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். கொறிக்காமல் அதற்கு வாழ்க்கை இல்லை. அதனால் வயரையெல்லாம் இரும்புக் குழாய்க்குள் விட்டுவிடு, பிளாஸ்டிக் குழாயை நம்பாதே.

இனிச் சொல்லப்போவதுதான் முக்கியம். பங்குனியில், சாளையின் இறவாரத்தில் ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளியை அரை அங்குல வலை வைத்து அடைத்தேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு அணில் வலைமேல் நின்றுகொண்டு கத்த ஆரம்பித்தது. வால் துடிக்கத் துடிக்க, மூச்சு விடாத கத்தல். விரட்டினால் மாமரத்துக்கு ஓடும், திரும்பி அதே இடத்துக்கு வரும். சாயங்காலம் வீட்டுக்காரிதான் "உள்ளே குஞ்சு இருக்குதுங்க" என்றாள். ஏணி வைத்து வலையைப் பிரித்தேன். தேங்காய் நாரும், என் பழைய தலையணைப் பஞ்சும், எங்கிருந்தோ உருவிய சிவப்பு நூலும் சுற்றிய ஒரு கூடு. உள்ளே மூன்று குஞ்சுகள். கண் திறக்கவில்லை. ரோஜா நிறத்தில் என் சுண்டுவிரல் அளவு, முதுகில் கோடு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. கை நடுங்கியது எனக்கு. அப்படியே விட்டுவிட்டு இறங்கி, தள்ளிப் போய் நின்றோம். தாய் வந்தது. ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு மூன்று நடை. கடைசிக் குஞ்சை எடுத்த பிறகும் ஒருதரம் வந்து கூட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டுப் போனது.

உங்கள் சாளை ஆறு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. கூடு இருக்கத்தான் செய்யும். அடைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு சந்திலும் காகிதத்தைச் சுருட்டி லேசாகச் செருகு. உள்ளே போக்குவரத்து இருந்தால் தள்ளிவிட்டிருக்கும். மூன்று நாள் அசையாமல் இருந்தால் வலை அடிக்கலாம். குஞ்சு இருந்தால் பொறுத்துக்கொள், பால் மறக்கப் பத்து வாரம் போல ஆகும். கூரையைத் தொடும் கிளைகளை இப்போதே வெட்டச் சொல்.

கார்த்திகையில் ஒரு நடை வருவாய் அல்லவா? சாவியை எடுத்து வா. என் ஏணியையும் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு இரண்டு பேருமாகப் போய்ப் பார்ப்போம். அதுவரைக்கும் அந்த மருந்துக் கட்டி பிரிக்காமலே இருக்கட்டும்.

தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்.

உன் மச்சான்