மச்சானுக்கு, பெடல் விஷயமாக

திருச்சி
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

சித்திரையில் நீ எழுதியதற்கு ஐப்பசியில் பதில் எழுதுகிறேன். திட்டுவதை டிசம்பருக்கு வைத்துக்கொள், நேரில் மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி. சின்னவள் பிளஸ் டூ, அதனால் வீட்டில் டிவி போடக் கூடாது, நான் பேஸ் கிடாருக்கு ஆம்ப் போடக் கூடாது. கல்யாணப் பத்திரிகை வந்தது, உன் பெயரை இந்த முறையும் தப்பாகத்தான் அச்சடித்திருக்கிறார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் டிரம்ஸ்காரன் தவிலு பற்றி உனக்கு யாராவது சொன்னார்களா என்று தெரியவில்லை. ஆடி மாதம் அவனுக்கு ஸ்ட்ரோக் வந்தது. காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது டம்ளர் இடது கையிலிருந்து நழுவியிருக்கிறது. தங்கச்சி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, பக்கத்து வீட்டு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். அதனால்தான் இவ்வளவோடு போயிற்று என்றார் டாக்டர். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. பேச்சு முழுக்கத் திரும்பிவிட்டது. இடது கால் கொஞ்சம் இழுக்கிறது. இடது கையில் பிடிமானம் இல்லை.

உடனே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். நாலு தடவை எழுத உட்கார்ந்தேன், ஒவ்வொரு தடவையும் "இடது கை" என்று எழுதும் இடத்தில் நின்றுவிட்டேன். நம் தவிலுக்கு இடது கை என்றால் ஸ்னேர், பட்டென்று விழுமே அந்த டிரம். அவனிடம் வலது காலில் கிக் டிரம் இருக்கிறது, வலது கையில் ஹை-ஹாட் ஜால்ரா இருக்கிறது, நடுவில் ஸ்னேர் மட்டும் இல்லை.

பிசியோதெரபிக்கு வரும் பையன் வாசித்துப் பார்க்கட்டும், நல்லதுதான் என்றான். புரட்டாசியிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் நான் பேஸைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டு மாடிக்குப் போகிறேன். முதல் நாள் இடது கையிலிருந்து ஸ்டிக் விழுந்தது. எடுத்தான், மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை விழுந்ததை அவன் எடுக்கவில்லை. ஸ்னேர் இல்லாமலே ஒரு மணி நேரம் வாசித்தோம். ஒரு வார்த்தை பேசவில்லை. தங்கச்சி கொண்டுவந்த பஜ்ஜி ஆறிப்போயிற்று.

அடுத்த வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கீபோர்டு வாசிக்கும் நம் பொடியன் ஒரு பழைய என்வலப் ஃபில்டர் வைத்திருந்தான், அடிக்கும் பலத்துக்கு ஏற்ப சத்தத்தை மாற்றும், இரண்டே குமிழ் உள்ள சின்னப் பெட்டி. சும்மா ஒரு ஆசைக்கு வாங்கிக்கொண்டு போனேன். தவிலு கிக்கும் ஹை-ஹாட்டும் போட, நான் மற்றதையெல்லாம் மெதுவாகத் தொட்டுவிட்டு, இரண்டாம் தட்டிலும் நான்காம் தட்டிலும் தந்தியைக் கையால் அமுக்கி ஓங்கி இழுத்தேன். அந்த இரண்டு இடத்தில் மட்டும் பெட்டி வாயைத் திறந்து "வ்வாக்" என்றது. ஆமாம், பூனை கத்துகிறது என்று நீ சொல்வாயே, அதே பூனைதான். ஸ்னேர் விழ வேண்டிய இடத்தில் சரியாகப் பூனை கத்தியது. தவிலு ஹை-ஹாட்டை நிறுத்தாமலே என்னைத் திரும்பிப் பார்த்து, "டேய், ஸ்னேர் வந்துருச்சுடா" என்றான். ஆடிக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவன் சிரித்துப் பார்த்தேன்.

ஆக, எனக்கு அந்த மாதிரிச் சொந்தமாக ஒரு பெடல் வேண்டும் மச்சான். நீ டிசம்பரில் வரும்போது கொண்டு வர வேண்டும். எது என்பதில்தான் ஒரு மாதமாகத் தூக்கம் கெட்டுக் கிடக்கிறேன்.

"ஆட்டோ-வாதானே, ஏதாவது ஒன்று வாங்கு" என்று நீ சொல்வது இங்கே கேட்கிறது. உன் க்ரை பேபி வா-பெடலைக் காலால் மிதித்தே பழகிய கிடார்காரன் நீ. உனக்கு ஃபில்டரைத் திறப்பதும் மூடுவதும் பாதம். இதில் பாதத்துக்கு வேலையே இல்லை, விரல்தான் மிதிக்கிறது. உள்ளே போகும் சிக்னல் இரண்டாகப் பிரியும். ஒன்று ஃபில்டர் வழியாக ஆம்புக்குப் போகும். மற்றது யார் காதுக்கும் போகாது. அந்த அலையின் கீழ்ப்பாதியை மேலே மடித்து, மேடு பள்ளத்தைத் தேய்த்து, ஏறி இறங்கும் ஒரு மின்னழுத்தமாக ஆக்கிவிடுகிறார்கள். பலமாக அடித்தால் அது ஏறும், ஒலி தேயத் தேய இறங்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் ஃபில்டரின் வாயைத் திறந்து மூடுகிறது. அதாவது, என் விரல் எவ்வளவு பலமாக விழுந்தது என்பதை மட்டுமே பெட்டி கேட்கிறது.

இதற்கெல்லாம் மூதாதை உன் ஊரில்தான் பிறந்தது, தெரியுமா? நீ இத்தனை வருஷமாக இருக்கும் அதே நியூ ஜெர்சியில், ரோஸ்மாண்ட் என்ற ஊரில், மியூசிட்ரானிக்ஸ் என்று ஒரு கம்பெனி இருந்தது. மைக் பைகல் என்பவர் கில்ட் என்ற கிடார் கம்பெனிக்காக ஒரு சிந்தசைசர் வடிவமைத்துக்கொண்டிருந்தார். அந்தத் திட்டம் நின்றுபோனதும், அதிலிருந்த ஃபில்டர் பகுதியை மட்டும் தனியாக எடுத்துக் காலடியில் வைக்கும் பெட்டியாக்கினார். 1972-இல் வந்த மூ-ட்ரான் 3 அதுதான். அடுத்த வருஷமே ஸ்டீவி வொண்டர் தன் கிளாவினெட் கீபோர்டை அதில் செருகி 'ஹையர் கிரவுண்ட்' வாசித்துவிட்டார். அதற்கப்புறம் பேஸ் வாசிக்கும் பூட்ஸி காலின்ஸ். நட்சத்திர வடிவ பேஸ், நட்சத்திரக் கண்ணாடி, கீழே மூ-ட்ரான்.

மூ-ட்ரானுக்குள் நடப்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பரவசமாக இருக்கிறது. விரல் தந்தியை அடித்ததும் உள்ளே ஒரு குட்டி விளக்கு எரிகிறது. எதிரே இருக்கும் ஒளியுணரி அந்த வெளிச்சத்தைப் பார்த்து ஃபில்டரை நகர்த்துகிறது. விளக்கு சட்டென்று அணைந்தாலும் ஒளியுணரி கொஞ்சம் தாமதித்துத்தான் பழைய நிலைக்கு வரும். அந்தத் தாமதத்தால்தான் கடைசியில் வாய் மூடும்போது சத்தம் உருண்டையாக இருக்கிறது. இரண்டு 9 வோல்ட் பேட்டரி தின்னும் பெரிய பெட்டி அது. பழைய ஒரிஜினலைத் தேடி அலையாதே, உன் அரை மாதச் சம்பளத்தை அதில் போட நான் சம்மதிக்க மாட்டேன்.

பூட்ஸி பற்றி நம் வாத்தியார் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? 1970-இல் ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுனிடம் சேர்ந்த அந்தச் சின்னப் பையனுக்கு அவர் சொல்லிக்கொடுத்த பாடமே முதல் தட்டுதான். முதல் தட்டில் அழுத்தமாக விழு, மற்றதை உன் இஷ்டத்துக்கு வாசி என்பது. நான் இப்போது அதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறேன். முதல் தட்டைத் தவிலுவின் வலது கால் பார்த்துக்கொள்கிறது, என் அழுத்தமெல்லாம் இரண்டிலும் நான்கிலும் விழுகிறது. பேஸ்காரனாக இது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, முப்பது வருஷப் பழக்கத்துக்கு விரோதமாகக் கை போகிறது. ஆனால் போகிறது.

பொடியனின் பெட்டியில் இரண்டு வாரத்துக்குள் சங்கடம் ஆரம்பித்துவிட்டது. சென்சிட்டிவிட்டி ஒரு குமிழ், ரேஞ்ச் ஒரு குமிழ், அவ்வளவுதான். சென்சிட்டிவிட்டியை ஏற்றினால் மெதுவாகத் தொட்டதற்கும் கத்துகிறது, இறக்கினால் ஓங்கி அடித்தாலும் தூங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் மயிரிழை இடம். என் பேஸ் ஆக்டிவ் வேறு, உள்ளேயே பேட்டரி, அவுட்புட் அதிகம். அதைவிடக் கொடுமை, கனம் போய்விடுகிறது. ஈ தந்தியைத் திறந்து அடித்தால் 41 ஹெர்ட்ஸ். பெட்டியைப் போட்டதும் அந்த அடிவயிறு காணாமல் போய் நடுச்சத்தம் மட்டும் மூக்கால் பேசுகிறது. தவிலு கேட்டான், "உன் பேஸ் எங்கடா போச்சு?" ஸ்னேர் வந்தது, பேஸ் போனது.

கிடாருக்குச் செய்த பெட்டியை பேஸுக்குப் போட்டால் இன்னொரு சிக்கலும் வரும். 41 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு அலை முடிய 24 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். பெட்டி அவசரக்காரனாக இருந்தால் ஒரே ஸ்வரத்துக்குள் ஒவ்வொரு அலைக்கும் வாயைத் திறந்து மூடப் பார்க்கும், கடகடவென்று நடுங்கும். மந்தமாக இருந்தால் அடி விழுந்து முடிந்த பிறகுதான் வாயைத் திறக்கும், ஸ்னேர் தாமதமாக விழுந்த மாதிரி. நாங்கள் வாசிப்பது நிமிஷத்துக்கு 100 தட்டு. ஒரு தட்டு 600 மில்லி செகண்ட். அதில் பாதிக்குள், 300-க்குள், வாய் மூடியாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மெல்லிய தொடுதலையும் விழுங்கிவிடும்.

நடுவில் ஒரு தப்பும் செய்தேன். சத்தம் சீராக இருக்கட்டும் என்று ஃபில்டருக்கு முன்னால் கம்பிரஸரைப் போட்டேன். மெதுவானதும் பலமானதும் ஒரே மட்டத்தில் வந்து நின்றன, பூனை எல்லாத் தட்டிலும் கத்தியது. இப்போது கம்பிரஸரைப் பின்னால் தள்ளிவிட்டேன். சர்ச்சுக்காகப் போட்டிருந்த வழவழப்பான ஃபிளாட்வௌண்ட் தந்திகளையும் கழற்றிவிட்டேன். அதில் மேல் ஒலிகள் குறைவு, ஃபில்டர் மெல்ல எதுவுமே இருப்பதில்லை. சொரசொரப்பான ரவுண்ட்வௌண்ட் போட்ட அன்றே பாதிப் பிரச்சினை தீர்ந்தது, பாதர்தான் முகத்தைச் சுளித்தார்.

சரி, பெடல். போன மாதம் சென்னைக்குப் போனபோது ஒரு ரிகர்சல் ஸ்டூடியோவில் அரை நாள் உட்கார்ந்து, கிடைத்ததை எல்லாம் வாசித்துப் பார்த்தேன். என் மனசு போனது எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸின் கியூ-ட்ரான் பிளஸ் மேல். பைகலே 1990-களில் அந்தக் கம்பெனிக்காக வடிவமைத்த வம்சம் அது, மூ-ட்ரானின் பிள்ளை என்று ஒரு ஸ்வரத்திலேயே தெரிகிறது. தாழ்ந்த ஒலியை மட்டும் விடும் லோ-பாஸில் வைத்தால் அடிக்கனம் நிற்கிறது. இன்னொரு பெடலை உள்ளே செருகிக்கொள்ள எஃபெக்ட்ஸ் லூப் உண்டு. சத்தத்தைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடலை அதில் செருகினால், ஃபில்டர் என் சுத்தமான விரலைக் கேட்டுத் திறக்கிறது, மெல்லுவது மட்டும் ஃபஸ்ஸின் சத்தத்தை. ஃபஸ்ஸை முன்னால் வைத்தால் ஏற்ற இறக்கம் செத்துப்போகும் இல்லையா, அதற்கு இவ்வளவு அழகான வழி வேறு எதிலும் நான் பார்க்கவில்லை. அகிலாரின் ஃபில்டர் ட்வினையும் வாசித்தேன். ஒன்று மேலே ஏற, இன்னொன்று கீழே இறங்க, இரண்டு ஃபில்டர்கள் ஒன்றாக ஓடும். தனியாக வாசித்தால் சொக்கிப்போவாய். ஆனால் தவிலுவுக்கு வேண்டியது ஒரே ஒரு "வ்வாக்", இது ஒரு முழு வாக்கியம் பேசுகிறது.

கடைசியில் எம்.எக்ஸ்.ஆர். எம்82. பேஸுக்கென்றே செய்த சின்னப் பெட்டி, ஐந்து குமிழ். பேஸின் சொந்தச் சத்தத்துக்கு டிரை, ஃபில்டரின் சத்தத்துக்கு எஃப்.எக்ஸ். என்று இரண்டும் தனித்தனி. என் பேஸை முழுக்க அப்படியே வைத்துக்கொண்டு, பூனையை அதன் மேல் வேண்டிய அளவுக்கு ஏற்றிக்கொள்ளலாம், தவிலு இனி "பேஸ் எங்கடா" என்று கேட்க முடியாது. டீக்கே குமிழில் வாய் எவ்வளவு வேகமாக மூட வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம், கியூ குமிழில் மூக்குச் சத்தத்தின் கூர்மையை. சென்ஸ் குமிழை நன்றாக இறக்கி வைத்து மெதுவாகத் தொட்டேன், வாய் திறக்கவில்லை. ஓங்கி இழுத்தேன், திறந்தது. மறுபடி மெதுவாக, மூடியே இருந்தது. பத்து நிமிஷம் இதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தேன், ஸ்டூடியோ பையன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

அழகு கியூ-ட்ரானில்தான் அதிகம், ஒத்துக்கொள்கிறேன். ராத்திரி படுத்தால் அந்தச் சத்தம்தான் காதில் இருக்கிறது. ஆனால் மாடியில் எனக்கு வேண்டியது என் மெதுவையும் பலத்தையும் பிரித்துக் கேட்கும் பெட்டி. எம்82 கொண்டு வா. முடிவு பண்ணிவிட்டேன். "ஒரிஜினல் வம்சத்தை விட்டுவிட்டாயே" என்று நீ வாதாடுவாய், வாதாடு, ஆனால் வாங்கும்போது எம்82 வாங்கு.

அடாப்டர் வாங்காதே. அங்கே விற்பதில் பல உங்கள் 120 வோல்ட்டுக்கு மட்டும்தான், அதை இங்கே 230-இல் செருகினால் புகைந்துவிடும். 9 வோல்ட், நடுவில் நெகட்டிவ், என்னிடமே இருக்கிறது. பெட்டியைத் துணியில் சுற்றிக் கைப்பையில் வை, பெரிய பெட்டியில் ஊறுகாய் பாட்டிலோடு போட்டு அனுப்பிவிடாதே. பணத்தை நேரில்தான் தருவேன், நீ வாங்கித்தான் ஆக வேண்டும். போன தடவை மாதிரி சட்டைப்பையில் திருப்பித் திணித்தால் பெடலை உன்னிடமே கொடுத்துவிடுவேன்.

கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஊரில் இருக்கும்படி டிக்கெட் போடு. கிடார் வேண்டாம், பொடியனுடையதை வாங்கித் தருகிறேன். தவிலு முன்னால் அழுதுவிடாதே, தங்கச்சி உன்னைப் பற்றித்தான் கவலைப்படுகிறாள்.

இன்னொன்று. போன வெள்ளிக்கிழமை அவனாகவே கேட்டான், அதனால் மறக்காமல் வாங்கி வா: ஒரு ஜோடி 2பி ஸ்டிக். தடிமன் அதிகமாக இருந்தால் இடது கைக்குப் பிடி கிடைக்கிறதாம்.

உன்,
மாப்ள